வைட்டமின் கே ஊசி பாதி அளவுதான் போட்டார்கள். குறைமாதப் பாப்பாவுக்கு ஆபத்தா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். முதல் பிரசவம். ரத்த அழுத்தம் எகிறியதால் 30-வது வாரத்திலேயே ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்துவிட்டார்கள். எடை 1,250 கிராம். பிறந்த இடத்தில் போதிய வசதி இல்லாததால் அன்றே ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே ஐந்து வாரத்துக்கு மேல் இருந்திருக்கிறது குழந்தை. மஞ்சள்காமாலைக்கு நீல விளக்கு, தொற்று இருக்கலாம் என்று ஒரு வாரம் ஆன்டிபயாடிக், இரண்டு வாரத்துக்கு மேல் நரம்பு வழியாகச் சத்து. மூன்றாம் நாள் எடுத்த தலை ஸ்கேனில் முதல் நிலை ரத்தக்கசிவு. இப்போது பாப்பாவுக்கு ஏழு வாரம், எடை 2,100 கிராம், தாய்ப்பால் மட்டும் குடிக்கிறாள்.

கேள்விகள் பல. ரத்தக்கசிவைத் தடுக்கப் பிறந்தவுடன் போடும் வைட்டமின் கே ஊசி, டிஸ்சார்ஜ் சம்மரியில் 0.5 மி.கி. என்று இருக்கிறது, ஆனால் சுகாதார நிலையத்துச் சுவரில் 1 மி.கி. என்று ஒட்டியிருக்கிறதே, பாதி அளவு போட்டதால்தான் மூளையில் ரத்தம் கசிந்ததா? பிரசவத்துக்கு முன்பே தனக்குப் போட்டிருந்தால் தடுத்திருக்கலாம் என்று நாத்தனார் சொல்வது சரியா? இந்த ஊசியால் மஞ்சள்காமாலையும் பின்னாளில் ரத்தப் புற்றுநோயும் வரும் என்று கணவருக்கு வாட்ஸ்அப்பில் வந்த செய்தி உண்மையா? எங்களைக் கேட்காமலே போட்டது சரியா? கீரை நிறையச் சாப்பிட்டால் பாலில் இந்தச் சத்து கூடுமா? எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒரு வரி: "கண் ஓரத்தில் இன்னும் லேசாக மஞ்சள் இருக்கிறது. அம்மா காலை வெயிலில் காட்டுகிறார், கீழாநெல்லி அரைத்துத் தருகிறார்."

அன்புள்ள சகோதரி,

அந்தக் கடைசி வரியிலிருந்துதான் தொடங்கப்போகிறேன். கடிதம் வந்த அன்றே இது குறித்து உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். உங்களைப் போன்ற மற்றத் தாய்மார்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

ஏழு வாரக் குழந்தையின் கண்ணில் மஞ்சள் இருந்தால், வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. நிறைமாதக் குழந்தைக்கு இரண்டு வாரம், குறைமாதக் குழந்தைக்கு மூன்று வாரம், அதற்கு மேலும் மஞ்சள் நீடித்தால் ரத்தப் பரிசோதனை அவசியம். பரிசோதனையில், மஞ்சள் நிறத்தைத் தரும் பொருளான பிலிருபினின் மொத்த அளவு மட்டும் போதாது, 'டைரக்ட்' பிலிருபின் எவ்வளவு என்று தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். தாய்ப்பாலால் நீடிக்கும் சாதாரண மஞ்சளில் டைரக்ட் அளவு கூடாது. அது கூடியிருந்தால், ஈரலில் சுரக்கும் பித்தநீர் குடலுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

உங்கள் பாப்பாவுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் நரம்பு வழியாகச் சத்து ஏறியிருக்கிறது. அப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பித்தம் தேங்குவது நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான். வாய் வழியாக முழுப் பாலும் குடிக்கத் தொடங்கியதும் பெரும்பாலும் மெல்ல மெல்ல வடிந்துவிடும். ஆனால் அரிதாக, பித்தக்குழாயே அடைபட்டிருக்கவும் கூடும். அதற்கான அறுவை சிகிச்சையைச் சுமார் 60 நாள் வயதுக்குள் செய்தால் பலன் நன்றாக இருக்கும், தள்ளிப்போகப் போக வாய்ப்பு குறையும். உங்கள் பாப்பாவுக்கு ஏழு வாரம் முடிந்துவிட்டது. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். மலத்தின் நிறத்தை நீங்கள் எழுதவில்லை. மஞ்சளோ, பச்சை கலந்த மஞ்சளோ என்றால் ஓரளவு நிம்மதி. வெளுத்து, சுண்ணாம்பு நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ இருந்தால், சிறுநீர் துணியில் மஞ்சள் கறை படியும்படி அடர்ந்திருந்தால், நாளை வரை கூடப் பொறுக்க வேண்டாம்.

வைட்டமின் கே பற்றிக் கேட்ட உங்களுக்கு மஞ்சள்காமாலை பற்றி ஏன் இவ்வளவு என்று தோன்றலாம். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. வைட்டமின் கே கொழுப்பில் கரையும் சத்து. குடல் அதை உறிஞ்ச வேண்டுமானால் பித்தநீர் வேண்டும். பித்தம் வராவிட்டால் பாலில் இருக்கும் கொஞ்சநஞ்ச கே சத்தும் உடலில் சேராது. பிறந்தவுடன் போட்ட ஊசியின் கையிருப்பு தீர்ந்த பிறகு, வெளியே நன்றாக இருக்கும் குழந்தைக்குத் திடீரென்று ரத்தம் கசியலாம். ஆகவே உங்கள் பாப்பாவைப் பொறுத்தவரை, ஏழு வாரத்துக்கு முன்பு போட்டது 0.5-ஆ 1-ஆ என்பதை விட, இன்றைக்கு அவள் உடலில் கே சத்து இருக்கிறதா என்ற கேள்விதான் பெரியது. பிலிருபினோடு சேர்த்து ரத்தம் உறையும் நேரத்தையும், அதாவது பிடி-ஐஎன்ஆர் பரிசோதனையையும் செய்யச் சொல்லுங்கள். பித்தத் தேக்கம் இருந்தால் மருத்துவரே கூடுதலாக வைட்டமின் கே தொடங்கிவிடுவார். கீழாநெல்லியை இன்றோடு நிறுத்துங்கள். அம்மா அன்பால்தான் செய்கிறார், எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு கிலோ குழந்தைக்குப் பால் தவிர வேறு எதை அரைத்துக் கொடுப்பதும் ஆபத்து.

பாதி அளவு தவறா?

இல்லை. உங்கள் குழந்தையின் எடைக்கு 0.5 மி.கி. சரியான அளவு.

சுவரில் நீங்கள் பார்த்ததும் பொய்யில்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 1,000 கிராமுக்கு மேல் உள்ள குழந்தைக்கு 1 மி.கி., அதற்குக் கீழ் 0.5 மி.கி. என்கிறது. பிரசவ அறையில் யார் பணியில் இருந்தாலும் கணக்குப் போடாமல் பின்பற்ற முடிகிற எளிய விதி அது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பலர் எடைக்கு ஏற்பக் கணக்கிடுவார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-ல் சொன்னது, 1,500 கிராம் வரை உள்ள குழந்தைக்கு ஒரு கிலோவுக்கு 0.3 முதல் 0.5 மி.கி. உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனைக் கையேட்டில் குறைமாதக் குழந்தைக்குக் கிலோவுக்கு 0.4 மி.கி. என்று இருக்கிறது. உங்கள் பாப்பாவின் எடையான 1.25-ஐ 0.4-ஆல் பெருக்கிப் பாருங்கள், சரியாக 0.5 வரும். யாரோ மறந்து பாதி போட்டதாகத் தெரியவில்லை, கணக்குப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

குறைத்துப் போடுவதற்கு ஒரு காரணமும் உண்டு. பிரிட்டனில் 32 வாரத்துக்கு முன்பு பிறந்த குழந்தைகளிடம் 0.2 மி.கி., 0.5 மி.கி. அளவுகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு 2006-ல் வந்தது. தசையில் போட்ட 0.2 மி.கி.-யே முதல் சில வாரங்களுக்குப் போதுமானதாக இருந்தது. 0.5 மி.கி. போட்ட குழந்தைகளின் ரத்தத்தில், முதிராத ஈரல் அந்த அளவைக் கையாளத் திணறுவதைக் காட்டும் பொருள் சேர்ந்திருந்தது. அதனால் கெடுதல் ஏதும் நடக்கவில்லை. ஆனால் 'கூடப் போட்டால் கூடப் பாதுகாப்பு' என்ற எண்ணம் இந்தச் சின்ன உடல்களுக்குப் பொருந்தாது என்று அது காட்டியது. அதே ஆய்வாளர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: 0.2 மி.கி. மட்டும் பெற்றுத் தாய்ப்பாலில் வளரும் குறைமாதக் குழந்தைகளுக்குப் பின்னால் கூடுதல் வைட்டமின் கே வேண்டும். நான் மேலே சொன்ன 'இன்றைக்கு இருக்கிறதா' என்ற கேள்வியை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. பிறந்த இடம் ஒன்று, சேர்த்த இடம் வேறு என்று ஆகும்போது இந்த ஊசி விட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். 'அங்கே போட்டிருப்பார்கள்' என்று இவர்களும், 'அங்கே போய்ப் போடுவார்கள்' என்று அவர்களும் நினைத்துவிடுவார்கள். உங்கள் விஷயத்தில் இரண்டாவது மருத்துவமனையின் சம்மரியில் எழுத்தில் இருப்பதால் அந்தக் கவலை இல்லை. குறைமாதக் குழந்தையை வேறு ஊருக்கு மாற்றும் எந்தக் குடும்பமும் வைட்டமின் கே போட்டாயிற்றா, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று பரிந்துரைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு புறப்படுவது நல்லது.

மூளை ரத்தக்கசிவுக்கும் ஊசிக்கும் என்ன தொடர்பு?

கடிதத்தில் நீங்கள் அதிகம் வருந்தியிருப்பது இதற்குத்தான். வைட்டமின் கே குறைவால் வருவது ஒரு வகை ரத்தக்கசிவு. உங்கள் பாப்பாவின் ஸ்கேனில் இருந்தது வேறு வகை.

நம் ஈரல் தயாரிக்கும் சில புரதங்கள்தான் ரத்தத்தை உறைய வைக்கின்றன. அவற்றில் நான்கு, 2, 7, 9, 10 என்று எண்ணிட்டவை, வைட்டமின் கே இல்லாமல் முழுமை அடையாது. நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து குழந்தைக்கு இந்தச் சத்து மிகக் குறைவாகவே போகும். பிறந்தவுடன் குடலில் அதைத் தயாரிக்கும் கிருமிகளும் இல்லை. அதனால் எல்லாக் குழந்தைகளுமே கே சத்துக் குறைவோடுதான் பிறக்கின்றன. குறைமாதத்தில் ஈரலும் முதிராதது, பால் தொடங்கத் தாமதமாகும், ஆன்டிபயாடிக்கும் ஏறும், ஆகவே ஆபத்து இன்னும் கூடுதல். தடுப்பு ஊசி இல்லாவிட்டால் முதல் வாரத்தில் 100 குழந்தைகளில் 0.25 முதல் 1.7 வரை ரத்தம் கசியலாம். இரண்டாம் வாரத்திலிருந்து ஆறு மாதம் வரை வரும் தாமத வகை அரிது. ஐரோப்பியக் கணக்கில் ஊசி இல்லாத ஒரு லட்சம் குழந்தைகளில் 4 முதல் 7 பேர். ஆனால் வந்தால், பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு மூளைக்குள்ளேயே கசிகிறது. பலரும் தாய்ப்பால் மட்டும் குடிக்கும், அதுவரை எந்தக் குறையும் தெரியாத குழந்தைகள். இதைத் தடுக்கத்தான் ஊசி.

முதல் மூன்று நாளில் குறைமாதக் குழந்தையின் தலை ஸ்கேனில் தெரியும் கசிவின் கதை வேறு. கருவின் மூளை நடுவே, நீர் நிறைந்த அறைகளை ஒட்டி, மிக மெல்லிய ரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு பகுதி இருக்கும். மாதம் முதிர முதிர அது தானாகவே மறைந்துவிடும். 30 வாரத்தில் அது இன்னும் இருக்கிறது. பிறந்ததும் ரத்த அழுத்தம் ஏறி இறங்கும்போது அந்தக் குழாய்கள் தாங்காமல் கசிகின்றன. ரத்தம் உறையும் தன்மை சரியாக இருந்தாலும் கசியும். 0.5-க்குப் பதில் 1 மி.கி. போட்டிருந்தாலும் இது நின்றிருக்காது. உங்கள் நாத்தனார் சொன்ன யோசனையை மருத்துவ உலகமும் சோதித்துப் பார்த்திருக்கிறது. பிரசவத்துக்கு முன் தாய்க்கு வைட்டமின் கே கொடுப்பது இந்தக் கசிவைத் தடுப்பதாக நிரூபணம் ஆகவில்லை. தடுக்க உதவுவது பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி. ஆபரேஷனுக்கு முன்பு உங்களுக்கு இடுப்பில் ஊசிகள் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும், சம்மரியில் பாருங்கள்.

முதல் நிலை என்பது கசிவு அந்தச் சிறு பகுதிக்குள்ளேயே நின்றுவிட்டது என்று பொருள். அநேகமாக ரத்தம் தானாகவே கரைந்துவிடும், பெரும்பாலான குழந்தைகள் நன்றாக வளர்கிறார்கள். மறு ஸ்கேன் எப்போது என்று கேட்டு எடுத்துவிடுங்கள், வளர்ச்சிப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். நீங்கள் எதையும் செய்யத் தவறியதால் இது வரவில்லை. அந்தக் குற்ற உணர்வை நீங்கள் சுமக்க வேண்டியதே இல்லை.

மஞ்சள்காமாலை, புற்றுநோய் பற்றிய வாட்ஸ்அப் செய்தி

உங்கள் கணவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்த இரண்டு பயத்துக்கும் பழைய வேர் இருக்கிறது. அந்தச் செய்தி கதையின் முதல் பாதியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறது.

1950-களில் தண்ணீரில் கரையும் செயற்கை வைட்டமின் கே வகை ஒன்றைக் குறைமாதக் குழந்தைகளுக்குப் பெரிய அளவில் கொடுத்தார்கள். அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்தது. மஞ்சள்காமாலை மூளையைப் பாதிக்கும் அளவுக்குப் போனது. அந்த மருந்தைக் குழந்தைகளுக்குக் கைவிட்டார்கள். இன்று போடுவது கே1, கீரையில் இருக்கும் அதே வகை. இப்போது கொடுக்கும் அளவில் அது சிவப்பணுக்களை உடைப்பதில்லை. 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு முதல் வாரத்தில் மஞ்சள் வருவது கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடப்பதுதான். ஊசி போடாமல் இருந்திருந்தாலும் உங்கள் பாப்பா நீல விளக்கின் கீழ் இருந்திருப்பாள்.

புற்றுநோய்ப் பேச்சு 1990-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரிலிருந்து வந்த ஆய்விலிருந்து தொடங்கியது. தசையில் போடும் வைட்டமின் கே-க்கும் குழந்தைப் பருவப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்றது அது. அந்தச் சந்தேகத்தை யாரும் மூடி மறைக்கவில்லை, நாடு நாடாகச் சோதித்தார்கள். சுவீடனில் பத்து லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். தொடர்பு இல்லை. அமெரிக்கா, ஜெர்மனி, பிரிட்டனிலேயே பிறகு நடந்த பெரிய ஆய்வுகளிலும் அந்தத் தொடர்பு உறுதிப்படவில்லை. இடையில், பயந்துபோய்ப் பல மருத்துவமனைகள் ஊசியை விட்டு வாய் வழி மருந்துக்கு மாறின. வாய் வழி மருந்து ஊசியளவு காக்காது, குறிப்பாகப் பித்தம் தேங்கும் குழந்தைகளை. நெதர்லாந்தில் தினமும் சிறு அளவு வாய் வழி கொடுத்து வந்தபோது, பித்தக்குழாய் அடைப்புள்ள குழந்தைகளுக்கு ரத்தக்கசிவு வந்த அனுபவம் அதற்குச் சாட்சி. குறைமாதக் குழந்தைக்கு வாய் வழி மருந்தை நான் ஒருபோதும் ஊசிக்கு மாற்றாகச் சொல்ல மாட்டேன்.

கேட்காமல் போடலாமா?

உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். வழக்கமான தடுப்பு ஊசிதான் என்றாலும், என்ன போடுகிறோம், ஏன் என்று பெற்றோருக்கு ஒரு வார்த்தை சொல்வது எங்கள் கடமை. நீங்கள் ஆபரேஷன் மேஜையில், கணவர் ஆம்புலன்சில் என்ற நிலையில் அது விட்டுப்போயிருக்கலாம். பின்னராவது விளக்கியிருக்கலாம். அந்த வருத்தத்தை அங்கே போய்த் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் ஊசி போட்டதே தவறு என்று புகார் கொடுக்க முகாந்திரம் இல்லை. அதைப் போடாமல் விட்டிருந்தால்தான் தவறு.

உங்கள் கையில் இருக்கும் உரிமை ஒன்று உண்டு. நோயாளியோ அவர் சார்பில் பொறுப்பானவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன. இரண்டு மருத்துவமனையிலும் எழுதிக் கொடுத்து வாங்கிவையுங்கள். சண்டைக்காக இல்லை. மஞ்சளுக்காக இப்போது பார்க்கப்போகும் மருத்துவருக்கு, எத்தனை நாள் நரம்பு வழிச் சத்து ஏறியது, அப்போது டைரக்ட் பிலிருபின் எவ்வளவு இருந்தது என்பதெல்லாம் மிகவும் உதவும்.

கீரையும் சொட்டு மருந்தும்

முருங்கைக்கீரை, பசலை எல்லாவற்றிலும் வைட்டமின் கே நிறைய உண்டு. உங்கள் உடம்புக்கு நல்லது, சாப்பிடுங்கள். ஆனால் தாய்ப்பாலில் ஒரு லிட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான் இருக்கும், சாதாரணச் சாப்பாட்டால் அது பெரிதாகக் கூடாது. புட்டிப் பால் மாவில் கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள். அதற்காக மாறிவிடாதீர்கள். குறைமாதக் குழந்தையின் குடலைக் காப்பதில் தாய்ப்பாலுக்கு ஈடே இல்லை, தாய்ப்பாலில் இல்லாத இந்த ஒன்றை மருந்தாகக் கொடுத்துவிடலாம். பாப்பாவுக்குத் தரும் சொட்டு மருந்தில் டி இருப்பதால் கே-யும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம், லேபிளைப் படியுங்கள். நீங்களாகக் கடையில் வாங்கி எதையும் சேர்க்கவும் வேண்டாம்.

எப்போது ஓட வேண்டும்?

ஆறு மாதம் வரை இவற்றைக் கவனியுங்கள். மூக்கிலோ வாயிலோ சிறு ரத்தம், தடுப்பூசி போட்ட இடத்தில் நிற்காத கசிவு, காரணம் தெரியாத கன்றிய தழும்பு, கறுத்த மலம். பெரிய கசிவுக்கு முன் இப்படிச் சிறியதாக ஏதாவது தெரிவதுண்டு, பல வீடுகளில் அதைத் துடைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். திடீரென வெளுத்துப்போவது, பால் குடிக்காமல் துவள்வது, விடாத வாந்தி, வீறிட்ட அழுகை, உச்சிக்குழி புடைப்பது, வலிப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழையுங்கள். அங்கே போனதும் "குறைமாதக் குழந்தை, தாய்ப்பால் மட்டும், மஞ்சள் இருந்தது" என்ற மூன்றையும் முதலில் சொல்லுங்கள். வைட்டமின் கே குறைவுதான் காரணம் என்றால் நரம்பு வழியாக அதைக் கொடுத்த சில மணி நேரத்திலேயே ரத்தம் உறையத் தொடங்கும்.

காது குத்துவது போன்ற எதையும் ரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரை தள்ளிவையுங்கள். தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டாம், பிறந்த தேதிக் கணக்கிலேயே போடலாம். பிடி-ஐஎன்ஆர் முடிவை ஊசி போடும் செவிலியரிடம் காட்டுங்கள். போட்டபின் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் கண் விழித்திரைப் பரிசோதனை பற்றி ஒரு சொல்லும் இல்லை. 34 வாரத்துக்கு முன்போ 2,000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு நான்கு வாரத்துக்குள் அதைச் செய்திருக்க வேண்டும். சம்மரியில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ரத்தப் பரிசோதனைக்குப் போகும் அன்றே கண் மருத்துவரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.